கைகாட்டியும் கைபேசியும்: வழி சொல்லும் செயலியை எவ்வளவு நம்பலாம்?

சென்னையில் வேலை பார்க்கிறீர்கள். உடையார்பாளையத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். காலை முகூர்த்தம். ஆபீஸ் முடிந்து, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்ப இரவு எட்டு மணி ஆகிவிட்டது. கைபேசியில் ஊர்ப் பெயரைத் தட்டினால் மூன்று வழிகள் வருகின்றன. விக்கிரவாண்டியில் திரும்பி பண்ருட்டி, வடலூர், சேத்தியாத்தோப்பு, மீன்சுருட்டி வழியாக ஒன்று. உளுந்தூர்ப்பேட்டையில் திரும்பி விருத்தாசலம், ஆண்டிமடம் வழியாக இன்னொன்று. பெரம்பலூர், அரியலூர் சுற்றிக்கொண்டு மூன்றாவது. எதில் போனால் சீக்கிரம் என்று நிமிடக் கணக்கோடு சொல்கிறது. ஒன்றைத் தொட்டுவிட்டுக் கிளம்புகிறீர்கள்.

நள்ளிரவு தாண்டி, ஆண்டிமடத்துக்கும் ஜெயங்கொண்டத்துக்கும் நடுவில் எங்கேயோ, "இடது பக்கம் திரும்பவும்" என்கிறது குரல். 6 நிமிடம் மிச்சமாம். திரும்புகிறீர்கள். தார் ரோடு சிறுக்கிறது, அப்புறம் மண் ரோடு ஆகிறது. இருபுறமும் முந்திரிக்காடு. எதிரே ஆள் நடமாட்டம் இல்லை. சிக்னலும் ஒரு கோடுதான். இப்போது செயலியை நம்புவதா, வண்டியைத் திருப்புவதா?

இந்தக் கட்டுரை அந்த ஒரு கேள்விக்காகத்தான். வழிகாட்டும் செயலி நம் எல்லோருக்கும் பயன்படுகிறது. அதை வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. அதற்கு எது தெரியும், எது தெரியாது என்பதைப் புரிந்துகொண்டால், எப்போது அது சொல்வதைக் கேட்பது, எப்போது நிற்பது என்று நீங்களே முடிவெடுத்துவிடலாம்.

வானத்திலிருந்து வழி தெரிகிறதா?

"சாட்டிலைட் மேலே இருந்து பார்த்து வழி சொல்லுது" என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அந்தச் செயற்கைக்கோள் உங்களைப் பார்ப்பதே இல்லை. உங்கள் காரையும் அதற்குத் தெரியாது, முன்னால் இருக்கும் பள்ளத்தையும் தெரியாது.

ஜி.பி.எஸ். என்பது அமெரிக்காவின் அமைப்பு. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் அதன் செயற்கைக்கோள்கள் பூமியைச் சுற்றுகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக்கடிகாரம் உண்டு. "நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது நேரம் இது" என்று ஒவ்வொன்றும் ஓயாமல் ரேடியோ அலையில் சொல்லிக்கொண்டே இருக்கும். அதன் வேலை அவ்வளவுதான். அந்த அலை உங்கள் கைபேசிக்கு வந்து சேர ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. எந்தச் செயற்கைக்கோளின் அலை எவ்வளவு நேரம் எடுத்தது என்று கணக்குப் போட்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கைபேசி கண்டுபிடிக்கும். குறைந்தது 4 செயற்கைக்கோள்கள் கிடைத்தால் உங்கள் இடம் தெரிந்துவிடும். நேரத்தில் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் இடம் 300 மீட்டர் தள்ளிப் போய்விடும். அணுக்கடிகாரம் எதற்கு என்று இப்போது புரிகிறதா?

ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டு ஆகியவையும் இதே வேலையைச் செய்கின்றன. நம் இஸ்ரோவின் அமைப்புக்கு நாவிக் என்று பெயர். அதன் முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலை 1 அன்று ஏவப்பட்டது. இந்தியாவையும் எல்லைக்கு அப்பால் 1,500 கிலோமீட்டர் வரையும் உள்ள பகுதிக்காக அது வடிவமைக்கப்பட்டது. இன்றைய கைபேசிகள் ஒரே நேரத்தில் பல அமைப்புகளின் அலைகளைப் பிடிக்கின்றன. திறந்த வெளியில் நின்றால் சுமார் 5 மீட்டர் துல்லியத்தில் இடம் கிடைக்கும். உயரமான கட்டடங்களுக்கு நடுவிலும், அடர்ந்த மரங்களுக்குக் கீழும் அது குறையும்.

ஆக, செயற்கைக்கோள் வழியாகக் கிடைப்பது இரண்டு எண்கள்தான். உடையார்பாளையம் என்றால் ஏறத்தாழ 11.2 டிகிரி வடக்கு, 79.3 டிகிரி கிழக்கு. அந்தப் புள்ளிக்கு அடியில் ரோடு இருக்கிறதா, வயலா, வாய்க்காலா என்று அந்த எண்களில் எதுவும் இல்லை.

அப்படியானால் ரோட்டைச் சொல்வது யார்?

அது வேறு கணக்கு. ரோடு, பாலம், ஒருவழிப் பாதை எல்லாம் வரைபடத்தில் உள்ளவை. கூகுள் மேப்ஸ், நம் நாட்டு நிறுவனத்தின் மேப்பிள்ஸ் போன்ற செயலிகள் ஆளுக்கொரு வரைபடம் வைத்திருக்கின்றன. வானிலிருந்து எடுத்த படங்கள், வண்டியில் சென்று எடுத்த தகவல்கள், அரசுத் தரவுகள், உங்களைப் போன்ற பயனாளிகள் அனுப்பும் திருத்தங்கள் என்று பல வழிகளில் அதைச் சேர்க்கிறார்கள். வரைந்த அன்று இருந்த நிலைதான் அதில் இருக்கும். யாராவது மாற்றிச் சொல்லும் வரை பழையதே தொடரும்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: போக்குவரத்து நெரிசல். ரோட்டில் சிவப்புக் கோடு வருவது எப்படி? அந்த ரோட்டில் போகும் மற்றவர்களின் கைபேசிகள் எவ்வளவு வேகத்தில் நகர்கின்றன என்பதை வைத்துத்தான். சென்னை அண்ணா சாலையில் ஆயிரக்கணக்கான கைபேசிகள் நகரும். கணிப்பு நன்றாக இருக்கும். ஆண்டிமடம் பக்கத்துக் கிராமச் சாலையில் இரவு ஒரு மணிக்கு எத்தனை கைபேசி போகும்? சிவப்புக் கோடு இல்லை என்றால் ரோடு நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. அந்த வழியில் யாருமே போகவில்லை என்றும் இருக்கலாம்.

இந்த மூன்றையும் பிரித்துப் பார்த்தால் போதும். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதில் செயலி பெரும்பாலும் சரியாக இருக்கும். எந்த ரோடு எங்கே போகிறது என்பதில் ஓரளவு சரியாக இருக்கும். அந்த ரோடு இன்று, இந்த மழையில், உங்கள் வண்டி போகும் நிலையில் இருக்கிறதா என்பது பல சமயம் அதற்குத் தெரியாது. அதைப் பார்க்க வேண்டியது உங்கள் கண்.

நன்மைகள் கொஞ்சமல்ல

இதற்காகச் செயலியைத் தூக்கிப் போட வேண்டுமா? வேண்டவே வேண்டாம்.

தெரியாத ஊரில் ராத்திரி நேரத்தில் வழி கேட்க ஆள் தேட வேண்டாம். அடுத்த திருப்பம் எவ்வளவு தூரத்தில் என்று முன்கூட்டியே சொல்வதால் கடைசி நொடியில் சடாரென்று வண்டியை ஒடிக்க வேண்டிய அவசியம் குறைகிறது. 2018 முதல் கூகுள் மேப்ஸ் தமிழிலேயே குரல் கொடுக்கிறது. திரையைப் பார்க்காமல் காதால் கேட்டு ஓட்டலாம். இருசக்கர வாகனத்துக்கென்று தனி முறையும் 2017 இறுதியிலிருந்து இருக்கிறது.

எப்போது வந்து சேர்வீர்கள் என்று வீட்டில் காத்திருப்பவர்களுக்குத் தெரியும். வாட்ஸ்அப்பில் நேரலை இருப்பிடத்தை 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று தேர்ந்தெடுத்து அனுப்பலாம். தனியாகப் பயணம் செய்யும் பெண்களுக்கு இது பெரிய துணை. தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலியில் அவசர பொத்தானை அழுத்தினால் நீங்கள் இருக்கும் இடமும் சேர்ந்தே போகும்.

விபத்து நடந்த இடத்தில் 108-ஐ அழைக்கிறீர்கள். "எங்கே இருக்கீங்க?" என்றால், "ரோட்டு ஓரத்துலதான்" என்று தடுமாறுபவர்கள் நிறைய. வரைபடத்தில் உங்கள் நீலப் புள்ளியின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் அந்த இரண்டு எண்கள் வரும். அருகில் உள்ள ஊர்ப் பெயரும் தெரியும். அதைச் சொன்னால் ஆம்புலன்ஸ் தேடி அலையும் நேரம் மிச்சம். அஞ்சல் துறை 2025 மே மாதம் அறிமுகப்படுத்திய டிஜிபின் முறையும் இதே கருத்துதான். ஏறத்தாழ 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டம் ஒவ்வொன்றுக்கும் 10 எழுத்து-எண் கொண்ட குறியீடு. தெருப் பெயரோ கதவு எண்ணோ தெளிவாக இல்லாத கிராமத்து வீட்டுக்கும், வயல் நடுவில் உள்ள மோட்டார் கொட்டகைக்கும்கூட ஒரு முகவரி கிடைக்கிறது.

தவறும் இடங்கள்

இப்போது மறுபக்கம். முதலில் நம் மாநிலத்துச் சம்பவம். 2024 ஜனவரியில் நீலகிரி மாவட்டம் கூடலூரில், சுற்றுலா முடித்துக் கர்நாடகா திரும்பிய நண்பர்கள் செயலி காட்டிய குறுக்கு வழியில் போனார்கள். கார் போய் நின்ற இடம் செங்குத்தான படிக்கட்டு. ஊர்க்காரர்களும் போலீஸாரும் சேர்ந்து காரை ரோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். யாருக்கும் காயமில்லை. படித்தவர்கள் சிரித்துவிட்டுப் போனோம்.

எல்லாச் சம்பவமும் சிரிப்போடு முடிவதில்லை. 2023 அக்டோபர் 1 அதிகாலை, கேரளத்தில் கொச்சி அருகே கோதுருத்தில், கொட்டும் மழையில் வந்த கார் பெரியாற்றுக்குள் இறங்கியது. இரண்டு இளம் மருத்துவர்கள் இறந்தார்கள். தெரியாத ஊரில் வரைபடத்தை நம்பி வந்ததாகக் கூறப்பட்டது. 2024 நவம்பர் 24 அன்று உத்தரப் பிரதேசத்தின் பரேலி மாவட்டத்தில், ராமகங்கை ஆற்றுப் பாலத்திலிருந்து கார் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். அந்தப் பாலத்தின் ஒரு பகுதி முந்தைய ஆண்டு வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டிருந்தது. வரைபடத்தில் பாலம் முழுசாக இருந்தது. ரோட்டில் சரியான தடுப்பும் இல்லை. பொதுப்பணித் துறைப் பொறியாளர்கள் மீதும் வரைபட நிறுவன அலுவலர் மீதும் வழக்குப் பதிவானது.

பரேலியில் செயற்கைக்கோள் தவறவில்லை. கார் எங்கே இருக்கிறது என்று அது சரியாகவே சொல்லியிருக்கும். இல்லாத பாலத்தை இருப்பதாக வைத்திருந்தது வரைபடம். அதைத் திருத்தச் சொல்லி ஒரு தகவல் போய்ச் சேர்ந்து, ரோட்டில் ஒரு தடுப்பும் இருந்திருந்தால் அந்த மூன்று பேரும் வீடு திரும்பியிருக்கலாம்.

"அது எங்கேயோ வடக்கே, நம்ம ஊர்ல என்ன?" என்று தோன்றலாம். அரியலூர், பெரம்பலூர் பக்கம் வண்டி ஓட்டும்போது கவனிக்க வேண்டியவற்றைப் பாருங்கள்.

தரைப்பாலங்கள். வெள்ளாறு, மருதையாறு, ஓடைகள் எல்லாம் கோடையில் காய்ந்து கிடக்கும். அப்போது தரைப்பாலத்தில் தாராளமாகப் போகலாம். வடகிழக்குப் பருவமழையில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, அதே பாலத்தின் மேல் தண்ணீர் ஓடும். வரைபடத்துக்கு இரண்டும் ஒன்றுதான். தண்ணீர் ஓடும் தரைப்பாலத்தில், ஆழம் தெரியாமல், முன்னால் ஒரு வண்டி போனதே என்று இறங்காதீர்கள். அந்த வண்டியின் எடை வேறு, உங்கள் வண்டியின் எடை வேறு.

கனரக வாகனங்கள். அரியலூர் சிமெண்ட் ஊர். சிமெண்ட், சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் இரவு பகலாக ஓடுகின்றன. நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் செயலியில் கார், பைக், நடை என்று முறைகள் உண்டு; லாரிக்கு என்று கிடையாது. பாலம் எவ்வளவு எடை தாங்கும், எந்த நேரத்தில் லாரிக்கு அனுமதி என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் உள்ள கீழணை 1836-ல் ஆர்தர் காட்டன் காலத்தில் கட்டப்பட்டது. பழமை காரணமாக அதன் மேல் கனரக வாகனங்கள் செல்லத் தடை விதிக்கப்பட்டது இந்தப் பக்கத்து டிரைவர்களுக்கு நன்றாகவே தெரியும். வெளியூர் டிரைவர் செயலியை மட்டும் பார்த்து வந்தால், பாலத்தின் வாயில் வந்து நின்ற பிறகுதான் விஷயம் தெரியவரும். லாரி ஓட்டுபவர்கள் கிளம்பும் முன்பே சக டிரைவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஊர்ப் பெயர் குழப்பம். கீழப்பழுவூர் என்று ஓர் ஊர், மேலப்பழுவூர் என்று ஓர் ஊர். இரண்டும் பக்கம் பக்கம். ஜெயங்கொண்டம் என்பதை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். புதுப்பாளையம், நல்லூர் போன்ற பெயர்கள் மாவட்டத்துக்கு மாவட்டம் உண்டு. பெயரைத் தட்டியதும் முதலில் வருவதைத் தொடாதீர்கள். மாவட்டத்தின் பெயரையும் தூரத்தையும் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள். கல்யாண மண்டபம் என்றால் அழைத்தவரிடமே இருப்பிடத்தை அனுப்பச் சொல்லிவிடுங்கள்.

புதிய ரோடு, பழைய வரைபடம். திருச்சி-சிதம்பரம் நெடுஞ்சாலை அண்மை ஆண்டுகளில் அகலமாக்கப்பட்டிருக்கிறது. வேலை நடக்கும் ரோடுகளில் மாற்றுப்பாதை வாரத்துக்கு ஒருமுறை இடம் மாறும். புதுப் புறவழிச்சாலை வரைபடத்தில் ஏறக் கொஞ்ச நாள் ஆகலாம். ரோட்டில் வைத்திருக்கும் அம்புக்குறிப் பலகையும் செயலியும் வேறு வேறு சொன்னால், பலகை சொல்வதைக் கேளுங்கள்.

திருவிழா நாட்கள். ஆடித் திருவாதிரைக்கு கங்கைகொண்டசோழபுரம் பக்கம் எவ்வளவு கூட்டம் வரும் என்று உங்களுக்கே தெரியும். அன்று போக்குவரத்தை போலீஸார் திருப்பிவிடுவார்கள். செயலி பழைய வழியையே காட்டிக்கொண்டிருக்கலாம். "மேப்புல இப்படித்தான் காட்டுது சார்" என்று அவர்களிடம் வாதாடிப் பயனில்லை.

சந்து பொந்துகள். நான்கு சக்கர வாகனத்துக்குக் குறுகலான ரோடுகளைத் தவிர்த்து வழி காட்டும் வசதியை 2024-ல் கூகுள் அறிவித்தது. முதலில் 8 நகரங்கள்; தமிழ்நாட்டில் சென்னையும் கோவையும். சிற்றூர்களில் குறுகலான தெருவில் நுழைவதற்கு முன் பார்த்துக்கொள்ள வேண்டியது நீங்கள்தான்.

திரையும் கண்ணும்

செயலி சரியான வழியைக் காட்டினாலும் இன்னொரு ஆபத்து இருக்கிறது. அது நம் கண்ணைப் பிடுங்கிக்கொள்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது 2 நொடி திரையைப் பார்த்தால், சுமார் 33 மீட்டர் தூரம் ரோட்டைப் பார்க்காமல் ஓட்டியிருக்கிறீர்கள். அந்த 33 மீட்டருக்குள் ஒரு மாடு குறுக்கே வரலாம். விளக்கு எரியாத டிராக்டர் டிப்பர் நின்றுகொண்டிருக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது? வாகனம் ஓட்டும்போது கைபேசியைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவின்படி ஆபத்தான முறையில் ஓட்டும் குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு, முதல் முறைக்கு 6 மாதம் முதல் 1 ஆண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று அந்தப் பிரிவு சொல்கிறது. அப்படியானால் வழி பார்ப்பது குற்றமா? இல்லை. 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதித் திருத்தம், வழி அறிவதற்காக மட்டும், ஓட்டுநரின் கவனம் சிதறாத வகையில் பயன்படுத்த அனுமதிக்கிறது. ஆகவே கைபேசி தாங்கியில் இருக்கட்டும், கையில் வேண்டாம். ஊர்ப் பெயரை வண்டி கிளம்பும் முன்பே தட்டிவிடுங்கள். நடுவில் மாற்ற வேண்டுமென்றால் ஓரம் கட்டி நிறுத்தி மாற்றுங்கள்.

பைக் ஓட்டுபவர்களுக்குத் தனியாக ஒன்று. குரல் கேட்கிறதே என்று இரண்டு காதிலும் இயர்போன் மாட்டிக்கொண்டு ஓட்டாதீர்கள். பின்னால் வரும் லாரியின் ஹாரன் கேட்காது. அடுத்த இரண்டு மூன்று திருப்பங்களை மனதில் வைத்துக்கொண்டு ஓட்டுங்கள். சந்தேகம் வந்தால் நின்று பாருங்கள். இரண்டு நிமிடத்தில் ஒன்றும் ஆகிவிடாது.

கிளம்பும் முன் ஐந்து நிமிடம்

• வாகன முறையைப் பாருங்கள். கடைசியாக பைக் முறையில் வைத்திருந்தால், காரில் போகும்போதும் பைக் சந்துகளையே காட்டும்.

• 'நெடுஞ்சாலையைத் தவிர்', 'சுங்கச்சாவடியைத் தவிர்' என்ற தேர்வுகள் தெரியாமல் இயக்கத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். நல்ல ரோட்டை விட்டு ஊர் ஊராகச் சுற்ற வைப்பதற்கு இது ஒரு காரணம்.

• முழு வழியையும் ஒருமுறை விரலால் நகர்த்திப் பாருங்கள். நடுவில் வரும் பெரிய ஊர்களின் பெயர்களை மனதில் அல்லது ஒரு சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். கைபேசி அணைந்தாலும் அந்தச் சீட்டு இருக்கும்.

• போகும் பகுதியின் வரைபடத்தை ஆஃப்லைனில் தரவிறக்கிக்கொள்ளுங்கள். சிக்னல் இல்லாத இடத்திலும் வழி தெரியும். உங்கள் இடத்தைக் கண்டுபிடிக்க இணையம் தேவையில்லை என்பதால் நீலப் புள்ளி நகர்ந்துகொண்டே இருக்கும். ஆனால் நெரிசல் தகவல் வராது.

• சார்ஜரை எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் நேரத்தில் கண்ணாடிக்கு அடியில் வைத்த கைபேசி சூடாகி அணைந்துவிடும். ஏ.சி. காற்று படும் இடத்தில் பொருத்துங்கள்.

• இரவில், மழையில், குடும்பத்தோடு போகும்போது 6 நிமிடம், 10 நிமிடம் மிச்சம் என்பதற்காகச் சின்ன ரோட்டைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பெரிய ரோட்டில் டீக்கடை இருக்கும், பெட்ரோல் பங்க் இருக்கும், பஞ்சர் ஒட்ட ஆள் இருக்கும்.

• போய்ச் சேர்ந்த பிறகு, நேரலை இருப்பிடப் பகிர்வை நிறுத்திவிடுங்கள். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பது தேவையில்லாதவர்களுக்குத் தெரிய வேண்டாம்.

மைல்கல்லைப் படியுங்கள்

செயலி சரியாகத்தான் கூட்டிப்போகிறதா என்று சரிபார்க்க ஒரு சுலபமான வழி ரோட்டோரத்திலேயே இருக்கிறது. மைல்கல்லின் தலைப்பகுதி மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை. பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. ஆரஞ்சு என்றால் கிராமச் சாலை. மஞ்சள் கல்லில் போய்க்கொண்டிருந்த நீங்கள் திடீரென்று கல்லே இல்லாத ரோட்டில் இருக்கிறீர்கள் என்றால், ஒரு நிமிடம் யோசியுங்கள். கல்லில் அடுத்த ஊரின் பெயரும் தூரமும் இருக்கும். அது நீங்கள் குறித்து வைத்த பெயர்களில் ஒன்றா என்று பாருங்கள்.

அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம் போகும் வழியில் வி.கைகாட்டி என்று ஓர் ஊர் வரும். விளாங்குடி கைகாட்டி என்பதுதான் அப்படிச் சுருங்கியது. எந்த ரோடு எந்த ஊருக்கு என்று கை நீட்டிக் காட்டும் பலகை நின்ற இடங்களை நம் ஊர்ப்பக்கம் கைகாட்டி என்றே சொல்வார்கள். அந்தக் காலத்தில் வண்டிக்காரர் அங்கே நிறுத்தி, பலகையைப் பார்த்து, டீக்கடையில் ஒரு வார்த்தையும் கேட்டுவிட்டுத்தான் திரும்புவார். "தண்ணி போகுதா?", "பாலம் சரியா இருக்கா?" என்ற கேள்விகளுக்குப் பலகை பதில் சொல்லாது. ஆள்தான் சொல்ல வேண்டும். இன்று பலகைக்குப் பதில் கைபேசி வந்திருக்கிறது. ஆளிடம் கேட்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டாம். "அண்ணே, இந்த ரோடு ஜெயங்கொண்டம் போகுமா? கார் போற அளவுக்கு இருக்கா?" என்று கேட்க அரை நிமிடம் போதும்.

நீங்களும் சொல்லலாம்

தவறான வழியில் போய்த் திரும்பி வந்தீர்களா? திட்டிவிட்டு மறந்துவிடாதீர்கள். உங்களுக்குப் பின்னால் அதே வழியில் இன்னொரு குடும்பம் வரும்.

வரைபடச் செயலிகளில் திருத்தம் பரிந்துரைக்கும் வசதி இருக்கிறது. ரோடு மூடப்பட்டது, பாலம் இல்லை, பெயர் தவறு என்று நீங்களே அனுப்பலாம். மாநில நெடுஞ்சாலைத் துறையின் ரோடுகளில் பள்ளம் இருந்தால் 'நம்ம சாலை' செயலியில் படம் எடுத்துப் புகார் செய்யலாம். 2023 நவம்பரில் தொடங்கப்பட்ட இந்தச் செயலியில் நீங்கள் எடுக்கும் படத்தோடு இருப்பிடமும் சேர்ந்து போகும். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-ஐ அழையுங்கள். மற்றக் குறைகளுக்கு முதல்வரின் முகவரி உதவி எண் 1100. வெள்ளம், உடைந்த கரை, தண்ணீர் ஓடும் தரைப்பாலம் ஆகியவற்றுக்கு மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077. உயிருக்கு ஆபத்து என்றால் 108 அல்லது 112. இந்த எண்களைக் கைபேசியில் இப்போதே பதிந்துகொள்ளுங்கள்.

இடிந்த பாலம், அறுந்த ரோடு கண்ணில் பட்டால், புகார் செய்வதோடு கிராம நிர்வாக அலுவலரிடமோ அருகிலுள்ள காவல் நிலையத்திலோ சொல்லித் தடுப்பு வைக்கச் சொல்லுங்கள். வரைபடம் திருந்த நாளாகும். ஒரு தடுப்பும் ஒரு சிவப்பு விளக்கும் அன்று இரவே ஓர் உயிரைக் காக்கும்.

இப்போது அந்த முந்திரிக்காட்டுக்குத் திரும்புவோம். மண் ரோடு, இருட்டு, ஒரு கோடு சிக்னல். என்ன செய்வீர்கள்? வண்டியை நிறுத்துங்கள். வந்த வழியே மெதுவாகத் திரும்பி, ஜெயங்கொண்டம் போகும் பெரிய ரோட்டுக்கு வந்துவிடுங்கள். செயலி தானாகவே புது வழி காட்டும். கால் மணி நேரம் கூடுதலாக ஆகலாம். பரவாயில்லை. முகூர்த்தம் காலையில்தான். பத்திரமா வந்து சேருங்க.